சுள்ளுச் சிவப்பு

நான் தீட்டிய மரத்தை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"இது இன்னா மரம்ப்பா, பிளாஸ்டிக்கா?"

அந்த மரத்துக்கு நான் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்திருந்தேன். கடையில் இருந்த பச்சைகளிலேயே பளிச்சென்ற பச்சையைப் பொறுக்கி வாங்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் கூட வீணாக்காமல் அப்பியிருந்தேன். நீர்வண்ணத்தில் நீர் சேர்க்க வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது. எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

பெங்களூரில் ஞாயிறு காலைகளில் ஏதாவது பூங்காவிலோ கடைத்தெருவிலோ கூடி உட்கார்ந்து வரைகிற கூட்டம் எங்களுடையது. இருபது, இருபத்தைந்து பேர் வருவோம். ஒரு பல் டாக்டர், பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற மேனேஜர் ஒருவர், என்னைப் போலச் சாஃப்ட்வேர் கம்பெனிகளில் முதுகு வளைந்தவர்கள். உண்மையில் வரையத் தெரிந்தவர், என் மரத்தைப் பிளாஸ்டிக்கா என்று கேட்ட அந்தப் பெண்மணி ஒருவர்தான். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுவது அவர் தொழில். வயது நாற்பத்தைந்து இருக்கும். மலையாளிகள், கன்னடக்காரர்கள், அவரைவிடப் பதினைந்து வயது மூத்த பாங்க் மேனேஜர் உட்பட எல்லோரும் அவரை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். பெயர் இங்கே வேண்டாம். அவரே மறைத்து வைத்திருந்த ஒரு விஷயத்தை நான் எழுதப் போகிறேன். பெயரையும் சேர்த்து எழுதும் அளவுக்கு நான் இன்னும் கெட்டுப் போகவில்லை.

பதினொரு மணிக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் அவரவர் நோட்டைத் திறந்து தரையில் வட்டமாகப் பரப்பி வைப்போம். பிறகு கோயில் பிராகாரம் போலச் சுற்றி வருவோம். "சூப்பர்", "வாவ்", "அந்த வானம் இருக்கே" என்று அர்ச்சனை நடக்கும். அவர் சுற்ற மாட்டார். ஒவ்வொரு நோட்டின் முன்னும் குந்தி உட்கார்ந்து, கீரைக்கட்டைப் பிரித்துப் புழு தேடுகிறவர் மாதிரி பார்ப்பார். தூரிகையின் வால் பக்கத்தால் ஓர் இடத்தைத் தொட்டு, "இந்த நெழலு சுள்ளு" என்பார்.

சுள்ளு என்றால் கன்னடத்தில் பொய். அவர் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். சாதாரணமாகத் தமிழில்தான் பேசுவார். பொய்யைக் குறிக்க மட்டும் தமிழ் போதவில்லை போலும். 'தப்பு' என்று சொன்னதில்லை, 'சரியில்லை' என்று சொன்னதில்லை. நிறம் தவறினால் அது பொய். அவ்வளவுதான்.

அவருக்குப் பிடித்த நிறம் சிவப்பு. ஆனால் அப்படிச் சொன்னால் கோபம் வரும். "எந்தச் செவப்பு?" என்று திருப்பிக் கேட்பார். அவர் வீட்டில் அந்தக் காலத்துச் சிவப்பு சிமெண்ட் தரை. வாசல் பக்கம் கால் பட்டுப் பட்டு வெளுத்திருக்கும். கட்டிலுக்கு அடியில் பீட்ரூட் வெட்டிய மாதிரி கறுத்திருக்கும். "ஒரே தரைல அஞ்சு செவப்பு இருக்குது, நீ ஒண்ணே ஒண்ண டியூபுலேர்ந்து பிதுக்கற" என்று யாரையோ ஒருமுறை திட்டினார். டியூபில் இருப்பதை அப்படியே காகிதத்தில் வைப்பது அவருக்கு ஆகாது. "அது கம்பெனிக்காரன் செவப்பு. நான் பாத்ததில்ல." கலந்து எடுத்த ஒவ்வொரு நிறத்தையும் ஓர் அட்டைத் துண்டில் தீட்டி, பக்கத்தில் பென்சிலால் பெயர் எழுதி வைப்பார். 'மாரம்மா கோயில் படி.' 'காஞ்ச மொளகா, வெயில் பட்ட பக்கம்.' 'ஒக்கலிபுரம் பாலத்துலேர்ந்து ரயில், மழைக்கு அப்பறம்.'

ஒருமுறை அவருடைய கதைப் புத்தகப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, பதிப்பாசிரியர் போன் செய்தார். அப்போது பக்கத்தில்தான் இருந்தேன். படத்தில் குழாயடியில் நிற்கும் சிறுமியைக் கொஞ்சம் வெளுப்பாக்கித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

"தண்ணி ஊத்துனா கலரு வெளுக்கும் சார். அந்தப் பொண்ணு வெளுக்க மாட்டா. அவ எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு, தெனம் பாக்கறேன்" என்றார் அக்கா. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஏன்ப்பா சிரிக்கற? உன் மொகத்துக்கும் சேத்துத்தான் சண்ட போட்டேன்" என்றார்.

வேறொரு சமயம், இந்திராநகரில் ஒரு காபிக்கடைக்காரர்கள் ஓவியர் சந்திப்பு நடத்தினார்கள். நாற்பது பேர், மைக், பின்னால் மூங்கில் தட்டி. தொகுத்து வழங்கிய இளைஞர் மோவாயில் கை வைத்துக்கொண்டு, "உங்கள் கிரியேட்டிவ் இன்ஸ்பிரேஷன் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார்.

"எடிட்டர் போன்லேர்ந்து."

எல்லோரும் சிரித்தார்கள். இளைஞருக்கு ஏமாற்றம். "அது இல்லை மேடம், உங்களுக்குள்ளே..."

"உள்ளயா? உள்ள பயம்தான் இருக்கும்" என்றார் அக்கா. சிரிப்பு நின்றது. "சின்னப் பசங்க பாக்கற புஸ்தகம். கொய்யாவுக்கு நான் ஒரு சுள்ளுப் பச்ச வெச்சன்னா, எங்கயோ ஒரு கொழந்த சாவற வரைக்கும் கொய்யா அந்தப் பச்சைன்னு நெனச்சிக்கினு இருக்கும். எனக்குத் தூக்கம் வராது."

இப்படிப்பட்டவரை எல்லோருக்கும் பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு ஞாயிறு, புதிதாக வந்த பெண் ஒருத்தி தன் அம்மாவின் முகத்தை வரைந்து வைத்திருந்தாள். அக்கா குந்தினார், பார்த்தார். "கன்னத்துல இருக்கற செவப்பு சுள்ளு. உங்கம்மாவுக்கு ஜுரமா?" அந்தப் பெண் அழுதுகொண்டே ஆட்டோ ஏறிப் போனாள். திரும்பி வரவே இல்லை.

அடுத்த வாரம் கூட்டத்தில் முணுமுணுப்பு. யார் பூனைக்கு மணி கட்டுவது? நான் இருக்கிறேனே. எங்கே நாலு பேர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்களோ, அங்கே ஏதாவது உளறிச் சிரிக்க வைப்பது என் பிறவி வியாதி. எழுந்து நின்று, நீதிபதி குரலில், "இன்று முதல் சூப்பர் சட்டம் அமலுக்கு வருகிறது" என்றேன். "கேட்காமல் யாராவது குறை சொன்னால், சொன்னவர் எல்லோருக்கும் காபி வாங்கித் தர வேண்டும்." கைதட்டல் விழுந்தது. பல் டாக்டர் விசில் அடித்தார். என் பிளாஸ்டிக் மரத்துக்குப் பழி வாங்கிவிட்ட திருப்தி எனக்கு. அதையும் மறைப்பானேன்?

அக்காவும் சிரித்தார். மூன்று ஞாயிறு எல்லோருக்கும் காபி வாங்கித் தந்தார். நான்காவது ஞாயிறு ஒவ்வொரு நோட்டின் முன்னும் வழக்கம் போலக் குந்தினார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "ஆய்த்துப்பா, நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்றார்.

இங்கே என் உத்தியோகம் என்னவென்று சொல்லிவிட வேண்டும். நான் டெஸ்டர். மற்றவர்கள் எழுதும் புரோகிராம்களில் தப்பு கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். திங்கள் முதல் வெள்ளி வரை அடுத்தவன் தப்பில் வயிறு வளர்ப்பவன், ஞாயிற்றுக்கிழமை தப்பு சொல்லத் தடை போட்டேன். கூட்டத்தில் யாருக்கும் இது வேடிக்கையாகப் படவில்லை. அக்காவுக்கு மட்டும் பட்டது. அன்றிலிருந்து என்னை "ஏ டெஸ்டரு" என்றுதான் கூப்பிட்டார்.

அதற்கடுத்த ஜனவரியில் ஏழெட்டு வாரம் அவர் வரவில்லை. வந்தபோது பாதி ஆளாக இருந்தார். ஜாக்கெட் தோளில் தொங்கியது. கேட்டால், "கேஸ் டிரபுள்" என்றார். மூச்சு வாங்கினார். நாங்கள் தந்த வடையை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

படங்கள் மாறத் தொடங்கியது அதற்கப்புறம்தான். கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் இலைகளில் சாம்பல் ஏறியது. பிறகு கூரை ஓடுகள் மண் நிறத்துக்கு வந்தன. பூக்காரியின் குங்குமம் காபிக் கறை போல இருந்தது. எங்கள் பிராகாரத்தில் பரவசம் தாங்கவில்லை. "அக்கா, என்ன ஒரு அடக்கம்!" "கத்தாத கலர்!" பாங்க் மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு, "இது ஒரு புதிய கட்டம்" என்றார். இணையத்தில் போட்ட படங்களுக்கு இதயங்கள் குவிந்தன. அக்கா ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்ப்பார். புகழ்ச்சி பிடித்துப் போய்ப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

மே மாதம், பூங்காவில் குல்மொஹர் மரமெல்லாம் சிவப்பாகப் பூத்துப் பற்றி எரிந்துகொண்டிருந்த ஒரு காலை. நோட்டுகளைப் பரப்புவதற்கு முன்பே அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கடலை விற்பவரைத் தாண்டி, ஒரு சிமெண்ட் பெஞ்சு. மரம் நேர் எதிரே நின்றது. மடியில் அவருடைய நோட்டு.

"ஏ டெஸ்டரு. இப்ப நான் கேக்கறேன். கேட்டா சொல்லலாம் இல்ல, உன் சட்டத்துல?"

"தாராளமாக்கா."

"இந்தச் செவப்பு சரியா?"

பார்த்தேன். படத்தில் மரம் அப்படியே நின்றது. கிளையின் வளைவு, நிழலின் ஓட்டை, எல்லாம் அவர் கை. பூ மட்டும் துரு. மழையில் கிடந்த இரும்புக் கதவின் துரு. எதிரே தலைக்கு மேல் அத்தனை நெருப்பு. ஒரு குழந்தைக்குக் கூட வித்தியாசம் தெரியும்.

எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் உடம்பு இருந்த நிலை மனதில் ஓடியது. சீக்காளியிடம் போய் எதற்கு? அதோடு, இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்டவுடன் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்துவிட்டது. பெரிய ஓவியர் ஒருவர் என் அபிப்பிராயத்தைக் கேட்கிறார்! அவர் வேண்டுமென்றேதான் அப்படிப் போட்டிருப்பார், நான் துரு என்றால் ரசனை இல்லாதவன் ஆகிவிடுவேன் என்ற பயமும் இருந்தது.

"சூப்பர்க்கா" என்றேன். "மரத்துக்கே பொறாமை வரும்."

"வெளாட்டு வேணாம். சுள்ளு இல்லியே?"

"சத்தியமா இல்லக்கா."

அவர் மூச்சு விட்டார். அப்படி ஒரு பெருமூச்சை நான் கேட்டதில்லை. தோள் இரண்டும் கீழே இறங்கின. கண் கொஞ்சம் கலங்கினாற்போல் இருந்தது. "நல்லதுப்பா" என்று என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மெட்ரோவில் சிரித்துக்கொண்டே போனேன். ஒரு மனுஷியைச் சந்தோஷப்படுத்தினேன் அல்லவா!

ஜூலையில் அவர் மறுபடியும் வராமல் போனார். போனை எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் வழி விசாரித்துக்கொண்டு ஸ்ரீராம்புரம் போனேன். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் கை நீட்டினால் சட்னி மாற்றிக்கொள்ளலாம், அப்படி ஒரு சந்து. தரையில் பாய் போட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மேஜையில் தூரிகைகள் காய்ந்து கிடந்தன. டீ போட்டுத் தந்துவிட்டு, ஏதோ பஸ் தாமதமான கதை சொல்வது போலச் சொன்னார்.

"எனக்கு டி.பி. ஜனவரிலயே தெரியும். யார்ட்டயும் சொல்லல. இங்க ஒருத்தர் இருமுனா நாலு வீடு கதவ சாத்தும். நீங்க மட்டும் இன்னா, ஞாயித்துக்கெழம பக்கத்துல உக்காருவீங்களா?"

மாட்டோம்தான். பல் டாக்டர் கூட உட்கார்ந்திருக்க மாட்டார்.

"மாத்திரை குடுத்தாங்க. அதுல ஒண்ணு சில பேருக்குக் கண்ண புடிக்குமாம். டாக்டரம்மா மொத நாளே சொன்னாங்க. செவப்பும் பச்சையும் எப்பவும் போல இல்லன்னா அன்னிக்கே ஓடி வா, நிறுத்திட்டு வேற குடுக்கறேன், உடனே நிறுத்துனா கண்ணு திரும்பிடும்னு."

"அப்புறம் ஏன்க்கா போகல?"

"கொஞ்சங்கொஞ்சமா போச்சுப்பா. மொதல்ல பெயிண்ட்டுதான் மட்டம்னு நெனச்சேன். அப்பறம் லைட்டு. அப்பறம் நான் ஜாஸ்தி பயப்படறேன்னு நெனச்சேன். எல்லாரும் சூப்பர் சூப்பர்னாங்க. அவங்க எப்பவும் சொல்றாங்க, அத நம்ப முடியாது. சரி, ஒருத்தன கேட்டுடுவோம்னு உன்ன கேட்டேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "நீ வெளாட்டுக்காரன். யார விட்ட நீ? எல்லாரயும் ஓட்டுவ. நீ மட்டும் பொய் சொல்ல மாட்டன்னு நெனச்சேன். கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னு மாத்திரைய விடாம போட்டேன். மேல ரெண்டு மாசம் போட்டேன். இப்ப டாக்டரம்மா பாத்துட்டு, கண்ண புடிச்சிடுச்சுன்னாங்க."

அப்போது எனக்குள் ஒரு ஜோக் வந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். 'பரவாயில்லைக்கா, இனிமே என் மரம் உங்களுக்கு பிளாஸ்டிக்காத் தெரியாது.' நாக்கு நுனி வரை வந்து நின்றது. பிறவி வியாதி என்று சொன்னேனே. அதை விழுங்கிவிட்டு, டீயையும் விழுங்கினேன். டீ ஆறிப் போயிருந்தது.

"என்னைத் திட்டுங்கக்கா" என்றேன்.

"திட்டி? அந்தப் பொண்ணு அழுதுகினு போனா இல்ல, அம்மா படம் போட்டவ. அன்னிக்கு நானும்தான் வேற மாதிரி சொல்லியிருக்கலாம். உன் சட்டத்துக்கு நான்தான் அஸ்திவாரம் போட்டேன். பிடு."

பிடு என்றால் விடு. அவர் விட்டுவிட்டார். தப்பில் தனக்கும் பங்கு என்று அவரே சொன்னபோது எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது.

டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தி வேறு கொடுத்தார். நுரையீரல் சுத்தமாகிவிட்டது. கண்ணைப் பற்றி, ஆறு மாதம் பார்க்கலாம், கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்கள். இடையில் எங்கள் கூட்டம் அக்காவின் சாம்பல் படங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி போட்டது. ஒன்றும் தெரியாமல்தான் போட்டார்கள். அவர் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? அந்தத் துருப் பூ நடுச் சுவரில் தொங்கியது. ஜனங்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். அக்கா வரவில்லை. அந்த வருடமே வீட்டைக் காலி செய்து, பொம்மசந்திராவில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் தங்கை குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார். இப்போது கறுப்பு மையில் மட்டும் படம் போடுவதாகக் கேள்வி. நான் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். போய்ப் பார்க்கவில்லை.

கடைசியாகப் பார்த்தது, அந்த ஆறு மாதம் முடிந்த கண் பரிசோதனை அன்று.

முந்தின நாள் அவரே போன் செய்தார். "நாளைக்கு லீவு போடு. ஆஸ்பத்திரிக்கு வா."

"தங்கச்சி வரலியாக்கா?"

"அவ அழுவா. நீ வா."

கண் டாக்டர் சின்னப் பெண். மேஜைமேல் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை வைத்தாள். பக்கத்துக்குப் பக்கம் வட்டம். வட்டம் முழுக்கக் கலர் கலராகப் புள்ளிகள். புள்ளிகளுக்குள் ஓர் எண் இருக்கும், தெரிகிறதைச் சொல்ல வேண்டும். அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் அவர் தோளுக்குப் பின்னால் ஸ்டூலில்.

முதல் பக்கம். "பன்னெண்டு" என்றார் அக்கா. அது பன்னிரண்டுதான். எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. முதல் பக்கம் நிறம் தெரியாதவர்களுக்கும் தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டாவது பக்கம். எனக்கு எட்டு பளிச்சென்று தெரிந்தது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். டாக்டர் பக்கத்தைத் திருப்பினாள்.

மூன்றாவது பக்கம். இருபத்தொன்பது. அவர் காதுக்கும் என் வாய்க்கும் ஒரு சாண் தூரம்தான். மூச்சு விடுகிற மாதிரி 'இருபத்தொம்போது' என்று சொல்லிவிடலாம். டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். சொன்னால் அக்கா முகம் மலரும். உதடு பிரிந்தே விட்டது. மூடிக்கொண்டேன்.

"எழுபதா?" என்றார் அக்கா.

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை. நாற்காலியோடு திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏ டெஸ்டரு. சரியா?"

டாக்டர் என்னைப் பேசாதே என்று கை காட்டினாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"தப்புக்கா" என்றேன். "அது இருபத்தொம்போது."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையசைத்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, புத்தகத்தை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"அடுத்தது திருப்பும்மா."